எட்டுக்கு நாலில் ஏழுமலை

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஆளுக்கு மாடல் ரயில் பைத்தியம் பிடித்தால் அவன் முதலில் தேடுவது இன்ஜினை அல்ல, மலையை. ஸ்டேஷன் வேண்டும், அலிபிரி அடிவாரம் வேண்டும், வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை வேண்டும், உச்சியில் கோபுரம் வேண்டும், கோபுரத்தில் சீரியல் பல்பு எரிய வேண்டும். ரயிலா? அது பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

என் மச்சினன் குடியிருப்பது திருப்பதி கொர்லகுண்டாவில், கீழ் போர்ஷனில். தன் முதல் மாடல் ரயில் லேஅவுட்டுக்கான பிளானை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு சித்தூருக்கு வந்தான். என் வீட்டு ஹாலில் சுவரோரமாக ஒரு சின்ன ரயில் வெகுகாலமாக ஓடுவதால், இந்த விஷயத்தில் எங்கள் சொந்தபந்தத்துக்கு நான்தான் ரயில்வே போர்டு. பத்திரிகையை விரித்தான். திருப்பதி ஸ்டேஷன், ரேணிகுண்டா ஜங்ஷன், சந்திரகிரிக் கோட்டை, பாகாலா, சித்தூர் (என் வீடு உட்பட, மாமாவுக்கு மரியாதை), பின்னணியில் ஏழு மலை. சப்தகிரி, கருடாத்ரி, சேஷாத்ரி, வேங்கடாத்ரி, நாராயணாத்ரி என்று ஐந்து எக்ஸ்பிரஸ். நான்கு மலைகளுக்கு அவற்றின் பெயரிலேயே ரயில் விட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது, எதை விடுவது என்றான். நியாயம்தான்.

“எவ்வளவு இடம் வச்சிருக்கே?”

“எட்டுக்கு நாலு பிளைவுட் ஒண்ணு, மாமா.”

ஆரம்பக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: எதையும் வாங்குவதற்கு முன்னால் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து 87 என்று அடியுங்கள். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்ஓ என்ற அளவு. அதில் எல்லாமே நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. திருப்பதி ஊருக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 700 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 8 மீட்டர், அதாவது 26 அடி. மச்சினன் வீட்டு ஹாலின் உயரம் பத்தடி. மலை சீலிங்கைப் பொத்துக்கொண்டு, மேல் போர்ஷனில் ஓனர் காரு வீட்டு சமையலறை வழியாகப் போய், அதற்கும் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கோபுரமாக முடியும். தரிசனத்துக்கு ஓனரிடம் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும்.

“N ஸ்கேல்னு சின்னதா ஒண்ணு இருக்காமே, அதுல பண்ணா?” என்றான். அது 160-ல் ஒரு பங்கு. மலை பதினாலு அடிக்கு இறங்கும். ஓனர் வீட்டில் சீலிங் தப்பிக்கும், தரை தப்பாது.

நிஜத்தில் திருமலைக்கு ரயிலே கிடையாது, பஸ்ஸும் படிக்கட்டும்தான் என்பதை நினைவுபடுத்தினேன். “அதனாலதான் மாமா நாம விடணும்” என்றான். விடலாம். மாடல் ரயில் இன்ஜின் நான்கைந்து பெட்டியோடு திணறாமல் ஏற வேண்டுமானால் ஏற்றம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. மூன்று என்றால் சக்கரம் வழுக்க ஆரம்பிக்கும். நூற்றுக்கு இரண்டில் 8 மீட்டர் ஏற 400 மீட்டர் தண்டவாளம் தேவை. எட்டுக்கு நாலு பலகையில் அதிகபட்சம் போடக்கூடிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஏறினால் நூற்றுப் பதினாலு சுற்று. பக்தர் மலை ஏறுவதற்குள் பிரசாதம் ஊசிப்போய்விடும்.

இதே கணக்கை ஊருக்கும் போட்டுப் பாருங்கள். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஹெச்ஓவில் 800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மச்சினன் வீட்டிலிருந்து தெருமுனை டீக்கடை தாண்டிப் போய்விடும். 24 பெட்டி வைத்த ஓர் எக்ஸ்பிரஸ் மட்டும் இன்ஜினோடு 22 அடிக்கு மேல். பலகையின் நீளமோ எட்டடி. ரயில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது கடைசிப் பெட்டி பாத்ரூமில் இருக்கும்.

ஆகையால் லேஅவுட் போடுவது என்பது எதைச் சேர்ப்பது என்ற வேலையே அல்ல. எதைக் கழிப்பது என்கிற வேலை. மச்சினனின் பத்திரிகையில் முதலில் அடித்தது சந்திரகிரிக் கோட்டையை. கிருஷ்ணதேவராயர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்து ரேணிகுண்டா. பிறகு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, சித்தூரையும் என் வீட்டையும் அடித்தேன். மலையில் கை வைத்தபோதுதான் அவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.

*

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், வயிறு எரிகிறது. ரயிலும் தண்டவாளமும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. 2020-இல் பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள். 2023-இல் அதை 70 ஆக்கினார்கள். என் வீட்டில் ஆரம்ப நாளிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. என் மனைவி இதைப் ‘பொம்மை’ என்பாள். நான் ‘ஸ்கேல் மாடல்’ என்பேன். பொம்மைக் கார், பொம்மை வாத்து, அளவு சுருக்கிய மாடல் எல்லாவற்றையும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டு வைத்திருக்கிறது சுங்கக் கட்டண அட்டவணை. இந்திய அரசாங்கமும் என் மனைவியும் ஒத்துப்போகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அதற்கப்புறம் கேஜ். ஹெச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லி. ஐரோப்பா, அமெரிக்காவின் கணக்கு. நம் பிராட்கேஜ் 1676. பழைய மீட்டர் கேஜ் 1000. எனவே நீங்கள் வாங்கும் தண்டவாளம் பிராட்கேஜுக்கு ஒல்லி, மீட்டர் கேஜுக்குக் குண்டு. இரண்டு காலத்துக்கும் பாரபட்சம் இல்லாமல் தப்பு. சுத்தமான இந்திய அகலத்தில் தானே தண்டவாளம் அடித்துக்கொள்ளும் மகான்கள் இருக்கிறார்கள். நீங்கள் முதல் லேஅவுட்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள். இரண்டே முக்கால் மில்லி குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

*

இடம் கேட்பது தனிக் கலை. “ஹாலில் ஒரு லேஅவுட் போடப் போகிறேன்” என்று நேரடியாகச் சொன்னவன் எவனும் உருப்பட்டதில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே பேஸ்மென்ட் வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள், கார் இல்லாத கராஜ் இருக்கிறது. நமக்கு இருப்பது மொட்டை மாடியும் பரணும். திருப்பதி வெயிலில் மொட்டை மாடி ஷெட் என்றால் மே மாதத்தில் பிளைவுட் அப்பளமாகும், தண்டவாளம் நீண்டு பாம்பாகும். பரணில் ஓட்டுகிறவன் தவழ வேண்டும்.

நம்மிடம் இருப்பது நவராத்திரி. கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவதை எந்த வீட்டிலும் யாரும் தடுத்ததில்லை. தடுத்தால் அம்பாளுக்கு ஆகாது. “கொலுவுக்கு ஒரு ரயில் விடலாம்னு பார்க்கறேன்” என்ற ஒரே வாக்கியத்தில் பலகை ஹாலுக்குள் வந்துவிடும். விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகள் பெட்டிக்குள் போகும். பலகை போகாது. “ஒயரெல்லாம் இப்ப எடுத்தா அறுந்துடும்” என்றால் போதும். தெலுங்கு வீடுகளில் சங்கராந்திக்கும் பொம்மல கொலுவு வைப்பவர்கள் உண்டு. ஆந்திர மாநிலத்தில் வசிப்பதில் இந்த ஒரு சௌகரியம். தசராவில் நுழைந்து சங்கராந்தியைக் காட்டி கோடை வரைக்கும் தள்ளலாம்.

இதில் நான் பெரிதாக மதிக்கும் ஆள் என் மாமியார். மாடல் ரயில் புத்தகம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் கொலு பார்க் போடுவதில் அவர் செய்யாத சீனரி இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, ஓரத்தில் மணல் தூவி, குளம். பத்து நாள் முன்னால் தட்டில் கேழ்வரகு விதைத்து, சரியாக முதல் நாளுக்கு நாற்று நிற்கும்படி வயல். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல். நியூஸ் பேப்பரைக் கசக்கி, மைதாப் பசையில் நனைத்த துணியைப் போர்த்தி மலை. ஜெர்மனியில் இதே பச்சைத் தூளைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். சித்தூரில் மரம் அறுக்கும் மில்லில் மூட்டையாகவே கிடைக்கும்.

அவரிடம் எடுபடாதது ஸ்கேல் ஒன்றுதான். கொலுவில் கடை வைத்திருக்கும் செட்டியார் பக்கத்துக் கோயிலைவிடப் பெரியவராக இருப்பார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மரப்பாச்சி ஜோடி மாமியாருக்குத் தன் கல்யாணத்தில் வந்தது. திருப்பதிச் செம்மரம், முழுதாக ஓர் அடி. அதை மச்சினனின் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். 87-ஆல் பெருக்கினால் 87 அடி உயரப் பெண்ணும் மாப்பிள்ளையும் திருப்பதி பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். “எடுத்துடும்மா, அளவு சரியில்ல” என்றான் மகன். “அளவு சரியில்லன்னா உன் ஸ்டேஷனைப் பெருசு பண்ணு” என்றார்.

மலை விவகாரத்தைத் தீர்த்துவைத்தவரும் அவரே. நான் ஏற்றத்தையும் வட்டத்தையும் காட்டி எவ்வளவோ பேசிப் பார்த்தேன், மகன் மசியவில்லை. மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒயர் வேலை எங்க பண்ணுவே?” பலகைக்கு அடியில் படுத்துத்தான் பண்ண வேண்டும், எல்லா லேஅவுட்டிலும் அப்படித்தான் என்றேன். “அப்ப இவன் காலு எந்தப் பக்கம் இருக்கும்?”

யோசித்துப் பார்த்தோம். சுவரோரப் பலகை. ஒரு பக்கமாகத்தான் உள்ளே போக முடியும். எப்படிப் படுத்தாலும் கால் போய் நிற்பது சாட்சாத் திருமலைக்கு நேர் கீழே. தலையை அந்தப் பக்கம் வைத்தால் உள்ளேயே நுழைய முடியாது. மச்சினன் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டான். ஏற்றத்தைப் பற்றி மேல்நாட்டார் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்தச் சிக்கலைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

மலை இப்போது சுவரில், கண் மட்டத்துக்கு மேலே, நீலச் சாயத்தில் இருக்கிறது. மலையை வரைந்துவிடுவதுதான் சரி என்பது என் நெடுநாள் கட்சி. தூரத்து மலைக்குக் கோடு போதும். பிளைவுட்டில் ஓர் அங்குலம்கூட அது சாப்பிடாது.

*

பலகைக்கு வருவோம். பிளைவுட் அமெரிக்காவிலும் எட்டுக்கு நாலு, சித்தூரிலும் எட்டுக்கு நாலு. அதனால் உலகம் முழுக்க ஆரம்பக்காரன் செய்வது ஒன்றே: பலகையைக் கட்டில் மாதிரிப் போட்டு, அதன் மேல் முட்டை வடிவில் ஒரு வட்டம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நிஜ ரயிலில் எல்எச்பி வகைப் பெட்டி ஏறக்குறைய 23.5 மீட்டர் நீளம். ஹெச்ஓவில் 27 சென்டிமீட்டர். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் பெட்டி பார்க்க லட்சணமாகத் திரும்பும் என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. 81 சென்டிமீட்டர் ஆரம் என்றால் வட்டத்துக்கே 162 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். பலகையின் அகலமான நாலடி 122 சென்டிமீட்டர்தான். அடித்துப் பிடித்து 56 சென்டிமீட்டர் ஆரத்தில் போடலாம். பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் பிதுங்கும். பிளாட்பாரத்தில் நிற்கும் போர்ட்டர் முதல் சுற்றிலேயே காலி.

இன்னொன்று, கை. நாலடி அகலப் பலகையைச் சுவரோரம் போட்டால் அந்தக் கோடியில் தடம் புரண்ட பெட்டியை யார் எடுப்பார்கள்? மனிதனின் கை சௌகரியமாகப் போவது இரண்டரை அடி. அதற்கு மேல் எட்டினால் முழங்கை ஸ்டேஷனை இடிக்கும், வயிறு ஊரை அழிக்கும். தடம் புரள்வது எப்போதுமே கை எட்டாத கோடியில்தான் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நான் மச்சினனைக் கூட்டிக்கொண்டு பிளைவுட் கடைக்குப் போனேன். 12 மில்லி ஷீட் ஒன்று எடுத்து, நீளவாக்கில் கிழிக்கச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

“எத்தனையா சார்?”

“நாலா. ஒவ்வொண்ணும் எட்டடி நீளம், ஓரடி அகலம்.”

“செல்ஃப் போடறீங்களா?”

“பாகாலா ஜங்ஷன் போடறோம்.”

அவர் சிரிக்கவில்லை. “ஜங்ஷனுக்கு ஓரடி பத்துமா சார்?” என்று கேட்டுவிட்டு ரம்பத்தைப் போட்டார். எனக்குத் தெரிந்து லேஅவுட் பிளானிங் பற்றி ஒரு வியாபாரி கேட்ட உருப்படியான கேள்வி அது.

பத்தும். ஒரு ஷீட்டைப் படுக்கப் போட்டால் கிடைப்பது ஒரு வட்டம். கிழித்தால் 32 அடி ரயில்வே. அடியில் ஒன்றுக்கு இரண்டு ரீப்பர் கட்டையை ஓரத்தோடு ஓரமாக அடித்துவிட்டால் தொய்யாது. அலமாரிக்கு மேல் வைக்கலாம், சுவரில் பிராக்கெட் அடித்து நிறுத்தலாம். வாடகை வீடு மாறும்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். நாலையும் ஒரே நாளில் நிரப்பப் பார்க்காதீர்கள். ஒன்றை முடியுங்கள். பாக்கி மூன்றும் கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும், அடுத்த நவராத்திரிக்கு ஆகும்.

ஏன் பாகாலா? அதுவும் மாமியார் சொன்னதுதான். காட்பாடியிலிருந்து வரும் தடமும் திருப்பதியிலிருந்து வரும் தடமும் தர்மாவரம் போகும் தடமும் கூடுமிடம். மீட்டர் கேஜ் காலத்தில் பிறந்த வீட்டுக்குப் போக வர அந்த பிளாட்பாரத்தில் இவர் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பு முடித்திருக்கலாம். “வண்டி ஓடறதைப் பார்த்தது கம்மி. நிக்கறதும், பின்னால போறதும், பெட்டியைக் கழட்டறதும் மாட்டறதும்தான் பார்த்தது” என்றார். ஓரடி அகலப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான ரயில்வே எங்கே கிடைக்கும்? வளைவே வேண்டாம். முன்னால் போ, பின்னால் வா.

இப்படி முன்னும் பின்னும் போவதையே விளையாட்டாக்கி வைத்திருக்கிறார் ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர். இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர். தடம் பிரியும் பாயிண்ட் இரண்டே, தடம் மூன்று. ஒன்றில் ஐந்து வேகனுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. ஆனால் மொத்தம் எட்டு வேகன்தான். எட்டுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த வரிசையிலேயே ஐந்து வேகனையும் கோத்து ரயிலாக நிறுத்த வேண்டும். இன்ஜின் வந்து போகும் முனையில் அதற்கும் மூன்று வேகனுக்கும்தான் இடம். அங்கேதான் முட்டும். வரிசைகள் 6720 விதம். தினம் ஒன்று ஆடினால் பதினெட்டு வருஷத்துக்குக் காணும். நாலு சக்கர வேகன்களாக இருந்தால் முழு விளையாட்டும் ஐந்தடிக்குள் அடங்கிவிடும். மீதி மூன்றடியில் ஸ்டேஷன், வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி.

இன்றைய சரக்கு ரயிலை வைத்து இதை ஆட முடியாது. இப்போது முழு வண்டியும் ஒரே சரக்கு, ஒரே ஊர். நடுவில் ஒரு வேகனைக் கழற்றும் பேச்சே இல்லை. ஆகவே காலத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஒரு வேகனில் வெல்லம், ஒன்றில் நிலக்கடலை, ஒன்றில் மாம்பழம் என்று நம் ஜில்லாச் சரக்காகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: தத்ரூபமாக இருக்கட்டும் என்று நிஜ வெல்லத் தூளை வேகனில் நிரப்பாதீர்கள். இரவோடு இரவாக இன்னொரு சரக்கு ரயில் சுவர் வழியாக வரிசை கட்டி வந்து முழு லோடையும் இறக்கிக்கொண்டு போய்விடும். அது ஷண்டிங்கே இல்லாமல் நடக்கும்.

*

மின்சாரம் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாட்டாத ஆரம்பக்காரன் கிடையாது. சாதாரண டிசி ரயிலில் ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். மச்சினனின் இரண்டாவது பிளானில் ரயில் நேராகப் போய், ஒரு வளையத்துக்குள் சுற்றி, வந்த தடத்திலேயே திரும்புவதாக இருந்தது. “இன்ஜினைக் கழட்டி மாத்தற வேலை மிச்சம் மாமா.” காகிதத்தில் பார்க்க அழகு. விரலை இடது தண்டவாளத்தில் வைத்து அப்படியே வளையத்தைச் சுற்றி வரச் சொன்னேன். விரல் திரும்பி வந்து வலது தண்டவாளத்தில் நின்றது. பிளஸ்ஸும் மைனஸும் அங்கே கைகுலுக்கும். அப்புறம் அடாப்டரிலிருந்து ஒரு வாசனை வரும். வளையத்தின் இரு முனையிலும் தண்டவாளத்தை வெட்டி, உள்ளே தனி ஒயர், தனி ஸ்விட்ச் என்று போனால் சரி செய்யலாம். முதல் லேஅவுட்டில் எதற்கு? மெர்க்லின் கம்பெனிக்காரர்கள் நடுவில் மூன்றாவது தொடர்பை வைத்து இந்தத் தலைவலியே இல்லாமல் செய்துகொண்டார்கள். 1891-இல் லைப்சிக் சந்தையில் அவர்கள் சாவி கொடுத்து ஓடும் ரயிலை எட்டு வடிவத் தடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். திருப்பதிக்கு ரயில் ஸ்டேஷன் வந்ததும் அதே வருஷம்தான். இந்தத் தகவலை ஓனர் காருவிடம் சொன்னேன். பிளைவுட்டுக்கும் வாடகை பாக்கிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டார்.

மனைவிமாரிடம் சொல்ல வேறொரு தகவல் இருக்கிறது. அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் 1946-இல் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். மேசைக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை வைத்து ஒயர் பின்னிக்கொண்டிருந்த பையன்கள் சிலர்தான் பிற்பாடு அங்கே வந்த ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களில் ராப்பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினார்கள். மச்சினன் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “அவங்க கம்ப்யூட்டருக்குப் போயிட்டாங்க இல்ல அண்ணா, இவர் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல இருந்து இங்க வந்திருக்காரே” என்றாள்.

பாக்கியெல்லாம் சில்லறை. ஒயருக்கு இரண்டு நிறம் வாங்குங்கள், ஒரே நிறத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்காதீர்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக ஒயர் பற்றவையுங்கள். இணைப்புத் தகட்டை நம்பினால் ஆறு மாதத்தில் கைவிடும். தண்டவாள இணைப்பில் நூலிழை இடைவெளி விடுங்கள், கோடை வருகிறது. தூசி வாரத்துக்கு ஒருமுறை. பல்லியை விரட்ட முடியாது. நாலு அங்குலப் பல்லி அந்த ஊர்க்காரர்களுக்கு 29 அடி முதலை, ஆனாலும் அதற்குச் சகுன சாஸ்திரத்தில் செல்வாக்கு அதிகம், வீட்டில் யாரும் தொடவிடமாட்டார்கள்.

மனம் தளரும்போது புனேவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கோத்ரூட்டில் பாவ் ஜோஷி என்பவர் அமைத்த மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. 1998-இலிருந்து பொதுமக்கள் பார்க்கலாம். அதுவும் ஹெச்ஓதான். ஹாம்பர்க்கில் பிரவுன் சகோதரர்கள் 2001-இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டில் தண்டவாளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல். பார்த்துவிட்டு வந்து உடனே பிளான் வரையாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். மச்சினன் ஹாம்பர்க் வீடியோவைப் பார்த்த ராத்திரியே மறுபடி ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தேடினான். நல்லவேளை, ஆடி மாதம். பத்திரிகை எதுவும் வந்திருக்கவில்லை.

பாகாலா இந்த நவராத்திரிக்குத் தயாராகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியை நான் ஸ்டேஷனுக்கு இடப்பக்கம் வைத்தேன். மாமியார் வந்து, “அந்தப் பக்கம் மாப்பிள்ளை” என்று வலப்பக்கம் மாற்றினார். பழைய போட்டோவில் பார்த்துச் சரிபார்க்கலாம் என்று வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கேழ்வரகு வயல் பிளாட்பாரத்தின் பின்னால், அந்த ஊர்க்காரர்களுக்குத் தென்னை உயரத்தில், நின்றது. மரப்பாச்சி ஜோடி பலகைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் இடம் வாங்கிக்கொண்டது. ஓனர் காரு சத்தம் கேட்டு முதல் நாள் கீழே வந்து, “ஏம் சேஸ்துன்னாரண்டீ?” என்று அதட்டினார், சீட்டுக் குலுக்கி ஐந்து வேகன் எடுத்துக் கொடுத்தோம். கடலை வேகனை வெல்லத்துக்கு முன்னால் கொண்டுவர முடியாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேலேயிருந்து ஆள் அனுப்பும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டார், பெண்கள் வெற்றிலை பாக்குக்கு வருகிற நேரம் என்றும் பார்க்காமல்.

அப்படி வந்த ஒரு அம்மாளின் பேரன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்ஜின் மூன்று வேகனை இழுத்துக்கொண்டு முன்னால் போயிற்று, நின்றது, பின்னால் வந்தது, ஒன்றை விட்டது, மறுபடி முன்னால் போயிற்று.

“பாட்டி, இந்த ட்ரெயின் எப்ப திருப்பதி போகும்?”

எட்டடிப் பலகையின் முனையை எப்படி விளக்குவது என்று மச்சினன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மாமியார் சுண்டல் கிண்ணத்தைப் பையன் கையில் கொடுத்தார்.

“தர்மாவரம் கனெக்‌ஷன் இன்னும் வரலடா கண்ணா. வந்தாத்தான் எடுப்பான். அதுவரைக்கும் உக்காந்து சாப்பிடு.”